தூக்கிவிடுவதா, இறக்கிவிடுவதா? கணினியில் ப்ரோகிராம் முன்னுரிமையை மாற்றும் வழிகள்

பின்னால் ஒரு வீடியோ கன்வெர்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. முன்னால் நான் ஒரு கடிதம் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்து எழுத்து தட்டினால் இரண்டுதான் திரையில் தெரிகிறது. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மீதி மூன்றும் சேர்ந்தாற்போல் வந்து விழுகின்றன. இந்த நிலையில் கை தானாகப் போகும் இடம் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். 'டீடெயில்ஸ்' பக்கத்தில் ப்ரோகிராமின் பெயர் மீது வலது க்ளிக், 'செட் ப்ரையாரிட்டி', பிறகு ஆறு நிலைகள் கொண்ட பட்டியல்: ரியல்டைம், ஹை, அபவ் நார்மல், நார்மல், பிலோ நார்மல், லோ.

எனக்கு வேண்டியது கடிதம். ஆகவே அந்த எடிட்டரை 'ஹை' ஆக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. இப்போது எடிட்டரைத் தொடுவதே இல்லை. கன்வெர்ட்டரைத் தேடிப்பிடித்து 'பிலோ நார்மல்' ஆக்குகிறேன். ஏன் இந்தத் தலைகீழ் வழி, மற்ற வழிகள் எங்கே உதவும், எங்கே வெறும் வேலை என்பதைப் பார்க்கலாம்.

முதலில், தட்டுப்பாடு எதில்?

முன்னுரிமை என்பது கணினியின் மூளையான சிபியுவின் வாசலில் நிற்கும் வரிசையை மாற்றும் வேலை. அந்த வாசலில் கூட்டமே இல்லை என்றால் யாரை முன்னால் விட்டும் பயனில்லை. டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். சிபியு 95, 100 என்று முட்டிக்கொண்டு நின்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. சிபியு 30 சதவீதத்தில் இருக்க டிஸ்க் 100இல் நின்றாலோ, மெமரி நிரம்பி வழிந்தாலோ, சிக்கல் வேறு. ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்குக்கும் ரேமுக்கும் இடையே பக்கங்களைத் தூக்கி மாற்றிக்கொண்டிருக்கும்போது எந்த ப்ரோகிராமை 'ஹை' ஆக்கினாலும் அது டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டுதான் நிற்கும். பிரவுசரில் பாதி டேப்களை மூடுவதுதான் அங்கே மருந்து.

இங்கே ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. 8 கோர் (சிபியுவுக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள கணினியில் ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை இழையில், ஓடும் பழைய ப்ரோகிராம் ஒன்று ஒரு கோரை முழுசாகத் தின்றாலும், மொத்தக் கணக்கில் 12.5 சதவீதம்தான் காட்டும். 'சிபியு சும்மாதானே இருக்கிறது, இவன் ஏன் திணறுகிறான், முன்னுரிமை போதவில்லை போல' என்று நினைக்கத் தோன்றும். அது தன் கோர் முழுவதையும் ஏற்கெனவே வைத்திருக்கிறது. அதற்கு மேல் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லை. கூட்டமில்லாத கணினியில் ஒற்றை ப்ரோகிராமை 'ஹை' ஆக்கினால் வேகம் கூடாததற்கும் இதுதான் காரணம்.

லேப்டாப் சூடேறித் தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும் முன்னுரிமையால் தீராது. அதைப் பின்னால் தொடுகிறேன்.

தூக்கிவிட்டால் என்ன ஆகும்?

விண்டோஸ் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 0 முதல் 31 வரை ஓர் எண் வைத்திருக்கிறது. லோ என்றால் அடிப்படை எண் 4. பிலோ நார்மல் 6, நார்மல் 8, அபவ் நார்மல் 10, ஹை 13, ரியல்டைம் 24. விதி கறாரானது: ஒரு கோருக்காக இரண்டு த்ரெட்கள் காத்திருந்தால், பெரிய எண் உள்ளது ஓடும், சின்னது நிற்கும். 'உனக்கு முக்கால், எனக்குக் கால்' என்ற பங்கீடெல்லாம் கிடையாது. பெரியவர் எழுந்து போகும்வரை சின்னவருக்கு இடமில்லை. அப்படியே பட்டினி கிடந்து சாகக்கூடாதே என்று, நாலு விநாடி அளவுக்கு ஓடவே முடியாமல் நிற்கும் த்ரெட்டுகளுக்கு விண்டோஸ் அவ்வப்போது 15 என்ற எண்ணைச் சிறிது நேரம் இரவல் கொடுக்கிறது. அந்தச் சலுகை உயிர் பிழைக்க மட்டும் போதும்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். ஒரு எடிட்டர் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம். ஒரு விசையைத் தட்டினால் விழிக்கும், எழுத்தை வரையும், மறுபடி தூங்கும். இப்படி விழிக்கும் த்ரெட்டை விண்டோஸ் தானாகவே சற்றுத் தூக்கிவிடுகிறது. முன்னால் இருக்கும் ஜன்னலின் ப்ரோகிராமுக்கு ஒவ்வொரு முறையும் ஓடக் கிடைக்கும் நேரத்தையும், சாதாரண டெஸ்க்டாப் அமைப்பில், மூன்று மடங்கு வரை நீட்டித் தருகிறது. நாம் கையால் செய்ய நினைக்கும் உதவியில் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியும் திணறுகிறது என்றால், எடிட்டர் மட்டும் திணறவில்லை என்று அர்த்தம். ஒலிக்கான சர்வீஸ், எழுத்துத் திருத்தி, பிரவுசரின் தனித்தனி ப்ராசஸ்கள் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்கள்) என்று ஒரு கூட்டமே அந்த ஓர் எழுத்துக்காக உழைக்கிறது. எடிட்டர் ஒன்றை மட்டும் 13க்கு ஏற்றினால் அது மற்றவர்களைவிட முன்னால் ஓடிப்போய், அவர்கள் வருவதற்காக நின்றுகொண்டிருக்கும்.

இன்னொரு ஆபத்து உண்டு. முன்னுரிமை குறைந்த ஒரு வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்திருக்கும் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஒன்றைப் பயன்படுத்த விடும் அனுமதிக்குப் பெயர் பூட்டு). மேலே இருப்பவருக்கு அந்தப் பூட்டு வேண்டும். நடுவில் இருப்பவர் ஓயாமல் ஓடுவதால் கீழே இருப்பவர் பூட்டை விடுவதற்குக்கூட ஓட முடியாது. விளைவு, எல்லோரையும்விட உயர்ந்தவர் நடுவில் இருப்பவரிடம் தோற்கிறார். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்கு இதுதான் காரணம். வானிலைத் தகவல் சேகரிக்கும் தாழ்ந்த வேலை ஒன்று பூட்டைப் பிடித்திருக்க, நடுத்தர வேலைகள் ஓட, முக்கியமான தரவுப் பாதையைக் கவனிக்கும் வேலை உரிய நேரத்தில் முடியவில்லை. கண்காணிப்புக் கடிகாரம் 'ஏதோ செத்துவிட்டது' என்று முடிவு செய்து முழுக் கணினியையும் மறுபடி தொடங்கியது. பூட்டை வைத்திருப்பவருக்கு, அதற்காகக் காத்திருப்பவரின் முன்னுரிமையை இரவல் கொடுக்கும் வசதியை பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். நம் கடிதத்துக்கு அவ்வளவு பெரிய கண்டம் வராது. ஆனாலும் முன்னுரிமையைக் கன்னாபின்னாவென்று கலைத்துப் போட்டால் என்ன மாதிரி முடிச்சு விழும் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தூக்கிவிடுவது சரியாக வரும் இடமும் இருக்கிறது. ஒரு கேம் சிபியுவை முழுக்க எடுத்துக்கொள்ள, அதை ஓபிஎஸ் ஸ்டுடியோ பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று வையுங்கள். பதிவு செய்வதற்குத் தேவையான நேரம் கொஞ்சம்தான், ஆனால் அது தப்பாமல் கிடைக்க வேண்டும். கேமில் இரண்டு ஃப்ரேம் போனால் தெரியாது, பதிவில் போனால் போனதுதான். ஓபிஎஸ்ஸின் 'அட்வான்ஸ்ட்' அமைப்புகளிலேயே முன்னுரிமைக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே 'அபவ் நார்மல்' வைப்பது நியாயம். குறைவாகத் தின்று, நேரம் தவறக்கூடாத ப்ரோகிராமை உயர்த்தலாம். நிறையத் தின்பதை ஒருபோதும் உயர்த்தக்கூடாது. கேமையே 'ஹை' ஆக்கச் சொல்லும் அறிவுரைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் அது ஒலியை விக்க வைப்பதில்தான் முடியும்.

இறக்கிவிட்டால்?

கன்வெர்ட்டரை 'பிலோ நார்மல்' ஆக்கினால், 8இலும் அதற்கு மேலும் இருக்கும் எல்லோரும், அதாவது எடிட்டர், அதற்கு உதவும் கூட்டம், ஒலி, பிரவுசர் எல்லாமே, 6இல் இருக்கும் அந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடலாம். ஒரே ஒரு க்ளிக்கில் எல்லோருக்கும் வழி கிடைக்கிறது. யார் யார் எடிட்டருக்கு உதவுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம். இந்த வழியின் பெரிய அழகே அதுதான்.

விலை? ஏறக்குறைய ஒன்றுமில்லை. நான் தட்டாமல் யோசித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கன்வெர்ட்டர் எல்லாக் கோர்களையும் தடையின்றி எடுத்துக்கொள்ளும். எழுந்து போய்விட்டால் 'நார்மல்' வைத்தபோது எவ்வளவு நேரம் ஆனதோ அதே நேரம்தான் ஆகும். முன்னுரிமை குறைந்தால் வேகம் குறையும் என்ற பயம் தேவையற்றது. மிச்சமாகும் கணினி நேரத்தை அறிவியல் கணக்குகளுக்குத் தரும் பாயின்க் போன்ற ப்ரோகிராம்கள் தங்களை ஆகக் கடைசி நிலையில் வைத்துக்கொண்டே நாள் முழுக்க சிபியுவை நிரப்புவதும் இதனால்தான் பயனருக்கு உறைப்பதில்லை.

பிலோ நார்மலா, லோவா? நான் பிலோ நார்மலோடு நிறுத்திக்கொள்வேன். லோவில் போட்டால், பின்னணியில் இருக்கும் வேறு சில்லறை வேலைகளோடும் அது மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நமக்கு வேண்டியது முன்னால் இருக்கும் ஜன்னலுக்கு வழிவிடுவது மட்டும்தான், அதற்கு ஒரு படி போதும்.

சின்னக் குறிப்பு ஒன்று. தாழ்த்திய முன்னுரிமை வாரிசுகளுக்கும் போகும். பிலோ நார்மலில் திறந்த கமாண்ட் ஜன்னலிலிருந்து ஓடும் எல்லாமே அதே நிலையில் பிறக்கும். 'ஹை' அப்படிப் போகாது. ஒரு பெரிய ப்ராஜெக்டை கம்பைல் செய்யும்போது (எழுதிய நிரலை ஓடும் ப்ரோகிராமாக மாற்றும்போது) கம்பைலர் நூறு முறை பிறந்து சாகும், ஒவ்வொன்றாகப் பிடித்து மாற்ற முடியாது. தாய் ஜன்னலைத் தாழ்த்தினால் வேலை முடிந்தது.

நிலைக்க வைப்பது

டாஸ்க் மேனேஜரில் வைக்கும் முன்னுரிமை அந்த ப்ரோகிராமை மூடும்வரைதான். மறுபடி திறந்தால் மறுபடி நார்மல். தினமும் இதைச் செய்வது எரிச்சல்.

எளிய வழி, ப்ரோகிராமின் உள்ளேயே அமைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. ஹேண்ட்பிரேக் போன்ற வீடியோ கருவிகளில் இருக்கிறது. இல்லையென்றால், 'ஸ்டார்ட்' என்ற கமாண்டை 'பிலோநார்மல்' என்ற சுவிட்சோடு சேர்த்து ஒரு ஷார்ட்கட்டில் எழுதி, அதன் வழியாக மட்டும் திறக்கலாம். ஃபைலை டபுள் க்ளிக் செய்து திறந்தால் இது வேலை செய்யாது என்பதுதான் குறை. எப்படித் திறந்தாலும் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்றால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், 'இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில், ப்ரோகிராமின் பெயருக்குக் கீழே 'பெர்ஃப் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு கீ உருவாக்கி, முன்னுரிமை வகுப்புக்கான மதிப்பை 5 என்று வைக்கலாம். அந்த இடத்தின் தனிக் கணக்கில் அதுதான் பிலோ நார்மல். இதைச் செய்துவிட்டு மறந்துபோனவர்களில் நானும் ஒருவன். ஆறு மாதம் கழித்து 'இது ஏன் எப்போதும் மந்தமாக இருக்கிறது' என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். தீங்கு மென்பொருள்கள் ஒளிந்துகொள்ளும் மூலைகளில் அதுவும் ஒன்று என்பதால், சில பாதுகாப்பு மென்பொருள்கள் அங்கே கை வைத்தாலே கத்தும்.

ப்ராசஸ் லாஸோ என்ற தனி மென்பொருள் இன்னொரு வழி. ப்ரோகிராம்வாரியாக விதி எழுதி வைக்கலாம், அது பிறகு நினைவில் வைத்துக்கொள்ளும். அதிலுள்ள 'ப்ரோபேலன்ஸ்' என்ற வசதியைக் கவனியுங்கள். கூட்டம் அதிகமானால் அது முன்னால் இருப்பதைத் தூக்கிவிடுவதில்லை, பின்னால் அதிகம் தின்பதைச் சற்று நேரம் இறக்கிவைக்கிறது. இந்தத் தொழிலையே செய்பவர்களும் இறக்கும் கட்சிதான். ஒன்றிரண்டு ப்ரோகிராம்தான் தொல்லை என்றால் இதற்காக எந்நேரமும் ஓடும் இன்னொரு மென்பொருள் அநாவசியம், ஷார்ட்கட் போதும். எது எப்போது தொல்லை செய்யும் என்றே தெரியாத, பலர் பயன்படுத்தும் கணினியானால் போடலாம்.

கோர்களைப் பிரித்துக் கொடுப்பது

அதே வலது க்ளிக்கில் 'செட் அஃபினிட்டி' இருக்கிறது. 8 கோரில் 6ஐ மட்டும் கன்வெர்ட்டருக்கு என்று டிக் செய்யலாம். முன்னுரிமையோடு ஒப்பிட்டால் இது முரட்டு வழி. நான் எழுந்து போனாலும் அந்த இரண்டு கோர்களும் சும்மா கிடக்கும், கன்வெர்ட்டருக்குக் கிடைக்காது. வழிவிடுவதற்கும் வேலி போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆனால் வேலிதான் வேண்டும் என்ற சமயமும் வரும். முன்னுரிமையைத் தாழ்த்தினால் சூடு குறையாது, ஃபேன் சத்தம் குறையாது, ஏனென்றால் மொத்த உழைப்பு அப்படியே இருக்கிறது. லேப்டாப் கொதித்துப்போய் எல்லாக் கோர்களின் வேகமும் சரிந்து, அதனால் எடிட்டரும் திணறுகிறது என்றால், கன்வெர்ட்டரை நாலு கோருக்குள் அடைப்பது பலன் தரும். கன்வெர்ட்டரிலேயே த்ரெட் எண்ணிக்கையைக் குறைக்க வழி இருந்தால் அது இன்னும் சுத்தம்.

விண்டோஸ் 11இல் வந்த 'எஃபிஷியன்சி மோட்' இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ப்ராசஸை லோவுக்கு இறக்கி, இதைச் சிக்கனமாக ஓட்டினால் போதும் என்று ப்ராசஸருக்கும் சொல்லிவிடுகிறது. பேட்டரியில் இருக்கும்போது பின்னணி ஒத்திசைவுகளுக்கு நன்று. இரவுக்குள் முடிய வேண்டிய வீடியோவுக்கு வேண்டாம்.

டிஸ்க் என்ற தனி வரிசை

பேக்கப், வைரஸ் ஸ்கேன் மாதிரி வேலைகளை லோவில் வைத்தும் கணினி நகராமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். டாஸ்க் மேனேஜரின் முன்னுரிமை சிபியு வரிசைக்கு மட்டுமே. டிஸ்க்குக்குத் தனி வரிசை, அதற்குத் தனி முன்னுரிமை. இரண்டையும் ஒருசேர இறக்க, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரின் முன்னுரிமைப் பட்டியலில் 'பேக்ரவுண்ட்' என்று ஒன்று இருக்கிறது. சிபியு, டிஸ்க், மெமரி மூன்றிலும் அது ப்ராசஸைப் பின்வரிசைக்கு அனுப்பும். பேக்கப்புக்கு இதுதான் சரியான பொத்தான்.

குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடுபவை இயல்பாகவே அதன் தனிக் கணக்கில் முன்னுரிமை 7இல், அதாவது பிலோ நார்மலில் தொடங்குகின்றன. 'கையால் ஓட்டினால் சீக்கிரம் முடிகிறது, ஷெட்யூல் போட்டால் இழுக்கிறது' என்ற புகாருக்குப் பல நேரம் காரணம் இதுதான்.

லினக்ஸிலும் மேக்கிலும்

லினக்ஸில் இதற்குப் பெயரே 'நைஸ்', மற்றவர்களிடம் எவ்வளவு நல்லபிள்ளையாக நடந்துகொள்வது என்ற கணக்கு. மைனஸ் 20 முதல் 19 வரை, எண் கூடினால் முன்னுரிமை குறையும். சாதாரணப் பயனர் எண்ணைக் கூட்டத்தான் முடியும். கூட்டியதைத் திரும்பக் குறைக்க ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும். இறக்குவது எல்லோருக்கும் திறந்த கதவு, ஏற்றுவதற்கு அனுமதி. விண்டோஸில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் மாதிரிக் கறார் கிடையாது, இங்கே பங்கீடுதான். பங்கைத் தீர்மானிக்கும் எடை நைஸ் 0க்கு 1024, நைஸ் 5க்கு 335, 10க்கு 110, 19க்கு 15. ஒரே கோரில் நைஸ் 0ம் நைஸ் 10ம் மோதினால் ஏறக்குறைய 90க்கு 10. நைஸ் 19 என்றால் அந்த வேலைக்கு ஒன்றரை சதவீதம்கூட மிஞ்சாது, ஆனாலும் பட்டினி இல்லை. 2023இல் லினக்ஸ் கெர்னலின் 6.6 பதிப்பில், சிபியு நேரத்தைப் பிரித்துத் தரும் ஷெட்யூலர் மாறியபோதும் இந்த எடைக் கணக்கு மாறவில்லை.

பலர் வழுக்கி விழும் இடம் வேறு. 2011இல் 2.6.38 பதிப்பில் வந்த ஆட்டோகுரூப், ஒவ்வொரு டெர்மினல் (கமாண்ட் ஜன்னல்) செஷனையும் ஒரு குழுவாக்குகிறது. சிபியு முதலில் குழுக்களுக்கிடையே பிரியும், நைஸ் எண் குழுவுக்குள் மட்டும்தான் பேசும். ஒரு டெர்மினலில் நைஸ் 19 போட்டு கம்பைல் செய்தாலும், அடுத்த டெர்மினலில் ஓடும் வேலையோடு பாதிக்குப் பாதி பங்கு கேட்கும். 'நைஸ் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இருக்கும் கணினியில் 'சிஸ்டம்டி-ரன்' வழியாகத் தனி ஸ்கோப்பில் (தனிக் குழுவில்) ஓட்டி, 'சிபியு வெயிட்' மதிப்பை இயல்பான 100இலிருந்து 20 மாதிரி இறக்குவது நம்பகமான வழி. டிஸ்க்குக்கு 'ஐயோநைஸ்' உண்டு. அந்த டிஸ்க்கில், படிக்கும் எழுதும் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் எந்த ஐ/ஓ ஷெட்யூலர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அது பலிக்கும், அதிவேக என்விஎம்இ டிஸ்க்குகளில் பல நேரம் ஷெட்யூலரே இருக்காது.

மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரில் முன்னுரிமையை மாற்ற இடமே கொடுக்கவில்லை. டெர்மினலில் 'ரீநைஸ்' உண்டு. ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள (ஆப்பிள் சிலிகான்) மேக்குகளில் அதைவிட 'டாஸ்க்பாலிசி' கமாண்டின் பின்னணி நிலைதான் உறைக்கும், ப்ராசஸைக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிக்கனக் கோர்களுக்குள் தள்ளிவிடும். பெரிய கோர்கள் காலியாக இருந்தாலும் அங்கே ஏறாது என்பதால், இது முன்னுரிமை என்ற பெயரில் வரும் வேலிதான்.

ரியல்டைமைத் தொட்டுவிட்டால்

பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு, பட்டியலின் உச்சியில் இருக்கும் அந்த நிலையை ஒருமுறையாவது சொடுக்கிப் பார்க்காதவர்கள் குறைவு. 24 என்ற எண் விண்டோஸின் சொந்த வேலைகள் பலவற்றுக்கும் மேலே. அட்மின் உரிமை இல்லாமல் தேர்ந்தெடுத்தால் சத்தமில்லாமல் 'ஹை'யில் வைத்துவிட்டுப் போய்விடும், அது நல்ல காலம். உரிமையோடு வைத்து, அந்த ப்ரோகிராம் கோர் எண்ணிக்கைக்குச் சமமாக த்ரெட்களை ஓட்டினால், மவுஸ் அசையாது, கீபோர்ட் கேட்காது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து திரும்ப மாற்றவும் முடியாது. பொறுமை இருந்தால் அந்த வேலை முடியும்வரை காத்திருக்கலாம். இல்லையென்றால் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதுதான். திரும்ப வரும்போது எல்லாம் நார்மலில் இருக்கும். மூடினால் மறந்துவிடுகிறதே என்று நாம் அலுத்துக்கொண்ட அதே டாஸ்க் மேனேஜர், இதையும் சேர்த்து மறந்திருக்கும்.